இறைப்பு மெசினும் நண்டு வளையும்

கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரணைமடுவின் கீழ் மூன்று ஏக்கர் வயல், சந்தியில் போன் திருத்தும் சின்னக் கடை, வீட்டில் நாற்பது கோழி, இவற்றுக்கு மேல் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர் பதவி. "காலமை நாலரைக்கு எழும்பினால் இரவு பத்துக்குத்தான் படுக்கிறன் ஐயா. குந்தி இருக்க நேரமில்லை. ஆனா மாதம் முடியேக்க பார்த்தா, போன மாதம் நிண்ட இடத்திலதான் நிக்கிறன். பிஸியா இருக்கிறது வேற, உற்பத்தித்திறனோட வேலை செய்யிறது வேற எண்டு பயிற்சி வகுப்பொண்டில சொல்லிச்சினம். அதென்ன வித்தியாசம்?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். அந்த முப்பத்தொரு வருடமும் பிஸியாகவே இருந்தேன். ஓய்வு பெற்று, சொந்தமாக இரண்டு ஏக்கர் செய்யத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் கேட்கிற வித்தியாசம் எனக்கே பிடிபட்டது. எங்கள் அம்மம்மா பாணியில் 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேலை இருக்கிறது, அளவுக்கு மேலேயே இருக்கிறது.

அகராதிக்குப் போக வேண்டாம், நம்மிடமே 'அலுவல்' என்று ஒரு சொல் இருக்கிறது. வவுனியாவுக்குப் போய் வருகிற ஒருவரை வழியில் கண்டால், "போன அலுவல் முடிஞ்சுதோ?" என்றுதான் கேட்போம். எத்தனை பஸ் ஏறினார், எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கதை. பிஸி என்றால் ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரியும், அலுவல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சிறுபோகம், மழை குறைந்த பருவத்து நெற்செய்கை. சிறுபோகத்தில் குளத்து நீரை அளந்துதான் விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர். என் வயலுக்குப் பக்கத்து வயலைச் செய்தவர் ஓர் இளம் பிள்ளை, நல்ல உழைப்பாளி. அவருடைய வயலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. முறைக்கு வந்த தண்ணீர் விடிவதற்குள் வற்றிவிடும். கழிவு வாய்க்காலில் இறைப்பு மெசினை வைத்து மூன்று இரவு தொடர்ந்து இறைத்தார். விடிய விடிய மெசின் சத்தம். காலையில் பார்த்தால் கண் சிவந்து, கால் முழுக்கச் சேறு. ஊரில் எல்லோரும் "பாவம் பொடியன், என்ன பாடுபடுறான்" என்றார்கள்.

நாலாம் நாள் காலையில் எழுபதைத் தாண்டிய மூத்த கமக்காரர் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். வரம்பில் மெதுவாக நடந்தார். கொஞ்சத் தூரம் போவார், நிற்பார், தண்ணீரைப் பார்ப்பார். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு, கிழவர் பொழுதுபோகாமல் உலாத்துகிறார் என்றுதான் தோன்றும். மேற்கு மூலையில் ஓரிடத்தில் குந்தினார். அங்கே ஒரு வைக்கோல் தும்பு ஒரே இடத்தில் மெல்லச் சுழன்றுகொண்டு நின்றது. கையை விட்டுத் தடவினார். தோள்மூட்டு வரை உள்ளே போனது. நண்டு வளை. வரம்பின் அடியால் போய் மறுபக்கத்துப் பள்ளக் காணிக்குள் திறந்திருந்தது. இறைத்த தண்ணீரெல்லாம் அந்த வழியால் போயிருக்கிறது. புல்லும் களிமண்ணும் சேர்த்து அடைத்து, குதிக்காலால் மிதித்து, மேலே இரண்டு வெட்டு மண் போட்டார். எல்லாமாக அரை மணித்தியாலம், அதிலும் பாதி நேரம் அவர் சும்மா நின்றார். அடுத்த நாள் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

மூன்று இரவில் அந்தப் பிள்ளை எரித்த எண்ணெய் ஒன்பது லீற்றர். அவர் உழைக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? பாடுபட்டார், வியர்வை சிந்தினார், நித்திரை முழித்தார். அத்தனையும் நண்டு வளையால் ஓடிவிட்டது. உற்பத்தித்திறன் என்ற சொல்லுக்கு வகுப்பில் எழுதிக் காட்டியிருப்பார்கள், கிடைத்ததை மேலேயும் செலவழித்ததைக் கீழேயும் எழுதி வகுத்தால் வருவது என்று. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் கூடுதலாக எரித்த ஒவ்வொரு லீற்றரும் கூடுதலாக முழித்த ஒவ்வொரு மணியும் கீழே இருக்கும் எண்ணைத்தான் பெருப்பித்தன. மேலே இருக்கும் எண் அசையவேயில்லை. அப்படியென்றால் அவர் பாடுபடப் பாடுபட அவருடைய உற்பத்தித்திறன் குறைந்துகொண்டு போயிருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் கூட உழை' என்று அவருக்குச் சொல்வதைப் போல ஒரு கெட்ட ஆலோசனை இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஊர் பாராட்டியது மெசினைத்தான். ஓடுகிறது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். நின்று பார்ப்பது வேலையாகத் தெரியாது. அதனால் நாமும் மற்றவர்கள் காண ஓடப் பழகிவிடுகிறோம்.

நான் மட்டும் என்ன? மாதம் முடிந்தால் முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். கள விஜயம் 22, பயிற்சி வகுப்பு 6, பங்குபற்றியோர் 180. பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு அழகாக எழுதிக் கொடுப்பேன். மேலே இருந்தவர்களுக்கும் சந்தோசம். ஒருநாள் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அந்த அம்மா நெல் காயப் போட்டுக்கொண்டு நின்றவர், காலால் அளைந்தபடியே கேட்டார்: "தம்பி, நீங்கள் மாதா மாதம் வாறியள். சந்தோசம். போன முறை சொன்ன 362 இன விதைநெல் எங்கை?" நான் மூன்று விஜயத்தில் மூன்று தரம் 'எடுத்துத் தாறன்' என்று சொல்லியிருக்கிறேன். என் அறிக்கையில் மூன்று விஜயமும் பதிவாகியிருக்கிறது. அவருடைய வீட்டில் ஒரு மணி விதைநெல்லும் இல்லை. அறிக்கையில் 'விதைநெல் கிடைத்தவர்கள்' என்று ஒரு பெட்டியே கிடையாது. எண்ணக் கூடியதை எண்ணுவோம், எண்ணியதைச் செய்வோம். அப்புறம் அதையே வேலை என்று நம்பத் தொடங்குவோம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. இலங்கைக் கந்தோர்களில் 'ஐந்து எஸ்' என்பது வாசல் பலகை வரைக்கும் வந்துவிட்ட விசயம். செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்று ஐந்து ஜப்பானியச் சொற்கள். வேண்டாததை விலக்கு, மிச்சத்தை ஒழுங்குபடுத்து, துப்புரவாக்கு, அதை வழமையாக்கு, விடாமல் கடைப்பிடி. நல்ல விசயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் இருந்த ஒரு கந்தோரில் உற்பத்தித்திறன் போட்டிக்கு மதிப்பீட்டாளர்கள் வரப்போகிறார்கள் என்றதும் இரண்டு கிழமை அதே வேலை. மேசையில் கத்தரிக்கோல் வைக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு கீறினோம், மின்விசிறி ஆளிக்குப் பெயர் ஒட்டினோம், பூச்சாடிக்கு இலக்கம் போட்டோம். அந்த இரண்டு கிழமையும் படியேறி வந்த கமக்காரர்களை "அடுத்த கிழமை வாங்கோ" என்று திருப்பி அனுப்பினோம். நானும்தான் அனுப்பினேன். கபில நிறத் தத்தி என்ற பூச்சி பிடித்த பயிர் அடுத்த கிழமை வரை பொறுத்திருக்காது என்பது தெரிந்தும் அனுப்பினேன். உற்பத்தித்திறனைக் காட்டுவதில் அவ்வளவு பிஸி.

இந்த முறைகள் பலவற்றை வளர்த்தெடுத்தது டொயோட்டா தொழிற்சாலை. அங்கே அந்த உற்பத்தி முறைக்கு அடித்தளம் போட்ட தைச்சி ஓனோ என்பவர், உங்கள் கேள்விக்கு எழுத்தை வைத்தே விடை சொல்லியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் 'அசைதல்' என்பதற்கு ஓர் எழுத்து உண்டு. அதன் பக்கத்தில் 'மனிதன்' என்ற குறியைச் சேர்த்தால் 'உழைத்தல்' என்ற எழுத்தாகிவிடும். தொழிற்சாலைத் தளத்தில் ஆட்கள் அங்கும் இங்கும் போய்வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் எவ்வளவு வெறும் அசைவு, எவ்வளவு உழைப்பு என்று பிரித்துப் பாருங்கள் என்பது அவருடைய பாடம். காத்திருப்பது, தேவையில்லாமல் தூக்கித் திரிவது, தேவைக்கு மேல் செய்து குவிப்பது என்று ஏழு வகை வீண் செலவை அவர் வகைப்படுத்தினார். தேவைக்கு மேல் குவிப்பதைத்தான் அவற்றுள் மோசமானதாகக் கருதினார். சும்மா இருப்பதை விடவும் மோசமாம்! எனக்கு அதை வாசித்தபோது எங்கள் விதைப்புத்தான் ஞாபகம் வந்தது. வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதும் என்று திணைக்களம் சொல்கிறது. நம்மவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று, நாலு புசல் வீசுவார்கள். பிறகு பயிர் நெருங்கி, காற்றோட்டம் இல்லாமல் தத்தி சேர்ந்து, மருந்தடிக்க ஆள் தேடி ஓடுவார்கள். கூடுதலாக வீசியதும் வேலை, அது கொண்டுவந்த தத்திக்கு மருந்தடிப்பதும் வேலை. ஒரு மாதம் முழுக்க பிஸி.

வன்னியில் கமம் செய்கிறவருக்குக் காலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நகரத்து ஆட்கள் எழுதுகிற ஆலோசனைகளில் இது வராது. அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் எப்போதும் ஒரு மணித்தியாலம்தான். நமக்கு அப்படியில்லை. விதைத்து முதல் முப்பது, நாற்பது நாளுக்குள் களையை அடக்கிவிட்டால் நெல் மேலே வந்துவிடும். அதே இரண்டு பேர், அதே கூலி, அதே வெயிலில் குனிந்து அறுபதாம் நாள் களை பிடுங்கினால் வயல் பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் களை தின்ற பசளையும் வெளிச்சமும் திரும்பி வராது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது அந்தரப்பட்டு யூரியா வீசுகிறவரையும் கண்டிருக்கிறேன். நாளைக்கு வேறு அலுவல் இருக்கிறதாம், அதனால் இன்றைக்கே வீசி முடிக்கிறாராம். வீசி முடித்தார், உண்மைதான். மழை அதைக் கழிவு வாய்க்காலுக்குக் கொண்டுபோய் முடித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தளர்த்திய அந்த இடைக்காலத்தில் ஓர் அந்தர் யூரியாவுக்கு நாம் பட்ட பாட்டை நினைத்தால், இப்படி வீசுகிறவருடன் எனக்குக் கோபம்கூட வரும்.

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன். இங்கேதான் உங்களுக்கு உடனே பலன் தரக்கூடிய விசயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

என் மகள் அறிவியல்நகரில் பொறியியல் படித்தவள். அவள் சொல்லித்தந்த ஒரு கணக்கு. ஜோன் லிற்றில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961 இல் நிறுவியது. பார்த்தால் சின்னப்பிள்ளைக் கணக்கு. கையில் முடியாமல் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக எத்தனை முடிக்கிறீர்கள் என்ற எண்ணால் வகுத்தால், ஒரு வேலை எத்தனை நாள் கிடக்கும் என்பது வந்துவிடும். உங்கள் மேசையில் முப்பது போன் திறந்தபடி கிடக்கிறது, ஒரு நாளில் ஐந்து முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போனுக்கு ஆறு நாள். மேசையில் பத்துத்தான் கிடந்தால் இரண்டு நாள். நீங்கள் வேலை செய்யும் வேகம் அதேதான், ஒரு போன்கூடக் கூடுதலாகத் திருத்தவில்லை.

'எப்படியும் ஒரு நாளைக்கு ஐந்துதானே, எத்தனை கிடந்தால் என்ன?' என்று கேட்பீர்கள். கிடக்கிற போனுக்கு ஓர் ஆள் உண்டு, தம்பி. அந்த ஆள் மூன்றாம் நாளில் இருந்து கேட்கத் தொடங்குவார். "முடிஞ்சுதோ?" ஒருவர் கோல் எடுப்பார், ஒருவர் நேரே வருவார், ஒருவர் உங்கள் அம்மாவிடம் கோயிலில் வைத்துக் கேட்பார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருடைய போன் எது என்று தேட வேண்டும், திறந்த போனின் ஆணி எந்த மூடியில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும், கத்துகிறவருடையதை முன்னுக்கு எடுத்து, பாதியில் நிற்பதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதற்கே உங்களுடைய நாளில் இரண்டு மணித்தியாலம் போகும். முடிக்காத வேலை சும்மா கிடப்பதில்லை, தினமும் உங்களிடம் வாடகை வாங்குகிறது. உங்கள் ஓட்டத்தில் பெரும்பங்கு இந்த வாடகைதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு மருந்தும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கொப்பி வையுங்கள். வருகிறவரின் போனை வாங்கி மேசையில் போடாமல், அவசரமில்லாதவருக்கு "வியாழக்கிழமை காலமை கொண்டுவாங்கோ, பின்னேரம் தாறன்" என்று நாள் குறித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியோடு மூன்று நாள் பாவிப்பார், பரவாயில்லை. போன் அவர் கையில் இருக்கும் வரை உங்களைக் கேட்கமாட்டார். மேசையில் பத்துக்கு மேல் கிடக்கவிடாதீர்கள். முதல் கிழமை ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும்.

வேலையை மாற்றி மாற்றிச் செய்வதிலும் ஒரு செலவு இருக்கிறது. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் இதைச் சோதித்து எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், மனதில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். வயலில் நின்றுகொண்டு கடை வட்ஸ்அப் பார்ப்பதும், கடையில் இருந்துகொண்டு நிலையத்துக் கூட்ட அறிக்கை எழுதுவதும் இதுதான். இதற்கு மேல் இதை நீட்ட வேண்டியதில்லை, அனுபவத்தில் தெரிந்ததுதான்.

செயலாளர் பதவியைப் பற்றிச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? பார்க்கின்சன் என்று ஒரு பிரித்தானிய வரலாற்றாசிரியர், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் அந்த நேரம் முழுவதையும் நிரப்ப அந்த வேலை பெருத்துவிடும் என்று 1955 இல் எழுதினார். வேடிக்கையாக எழுதினாலும் கணக்குக் காட்டினார். 1914 க்கும் 1928 க்கும் இடையில் பிரித்தானியக் கடற்படையின் பெரும் போர்க்கப்பல்கள் 62 இல் இருந்து 20 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்து உத்தியோகத்தர்கள் 2,000 பேரில் இருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறையக் கடிதம் கூடியிருக்கிறது. நம் சங்கங்களிலும் அப்படித்தானே? பிரதேச சபைக்கு எழுத வேண்டியது இரண்டு வரிக் கடிதம், தெருவிளக்கு எரியவில்லை என்று. அதற்கு நிர்வாகக் கூட்டம், பிறகு விசேட கூட்டம், கடிதத்தின் நகல் யார் யாருக்கு என்று ஒரு விவாதம். எல்லோரும் இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வீடு போகிறார்கள். தெருவில் இருட்டு. கூட்டத்தை முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வைப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள். அந்த ஒரு தீர்மானத்துக்காக உங்களை ஊர் வாழ்த்தும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, எல்லாம் தன்னுடைய பிழை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வன்னியில் நம்முடைய ஓட்டத்தில் பாதி நாம் தேடிக்கொண்டதில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் பத்துக் கோழிக்குஞ்சு கொடுத்தது, இன்னொன்று ஓர் ஆடு, வேறொன்று தையல் மெசின், பிறகு வீட்டுத்தோட்டத்துக்கு விதைப் பொதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி, ஒரு குழு, ஒரு கூட்டம், ஒரு வரவுப் பதிவு. சில வீடுகளில் ஐந்து தொழில் இருந்தது, ஒன்றிலாவது முழு வருமானம் இல்லை. அந்தப் பெண்கள் ஓடிய ஓட்டத்தை நான் கிட்ட இருந்து பார்த்தவன். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்று அவர்களுக்குப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று பிடித்துக்கொண்டு நின்றவர்கள். ஒரு மாரி வெள்ளத்தில் வயல் போனால் கோழி இருக்கும், கோழிக்கு நோய் வந்தால் தையல் இருக்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்து வயல்களைக் கொண்டுபோனபோது அந்தப் புத்தி சரியென்றுதான் பட்டது. ஆக, நாலு தொழில் வைத்திருப்பது தவறு என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். நாலையும் ஒரே நாளில் தொட வேண்டும் என்றுதான் கட்டாயமில்லை.

2022 இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றோமே, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எண்ணெய் வாங்கும் முறை வரும் வரைக்கும். கான் ஒன்றைக் கயிற்றில் கட்டிவைத்துவிட்டு நிலத்தில் படுத்தவர்கள் எத்தனை பேர்! அந்த நேரத்தில் உற்பத்தித்திறன் வகுப்பு எடுத்திருந்தால் அடித்திருப்பார்கள். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனால் "இண்டைக்கு சேர் இல்லை" என்ற பதில் வருவதும், உள்ளூர் பஸ் ஒன்றைத் தவற விட்டால் பாதி நாள் போவதும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது போகும் நாட்களைச் சேர்ப்பது மட்டும். கிளிநொச்சி நகரத்துக்கு ஒரு கிழமையில் நாலு தரம் போகிறீர்கள் என்றால், வங்கி, கமநல சேவை நிலையம், உதிரிப்பாகக் கடை எல்லாவற்றையும் ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் அடக்கப் பாருங்கள். போகமுன் கோல் எடுத்து 'சேர்' இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கி மாதத்தில் ஆறேழு நாள் மிஞ்சியது.

அவசரம், முக்கியம் என்று நாலு கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள் வகுப்பில். அதன் கரு அமெரிக்க சனாதிபதி ஐசனோவர் 1954 இல் பேசிய ஒரு பேச்சில் இருந்து வந்தது. அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக இருப்பதில்லை என்று ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகச் சொன்னார். கட்டத்தை விடுங்கள். உங்கள் விசயத்தில் முக்கியமாகவும் அவசரமில்லாமலும் கிடப்பது என்ன என்று நான் இங்கே இருந்தே சொல்வேன். கடைக்கும் வயலுக்கும் கோழிக்கும் தனித்தனிக் கணக்குக் கொப்பி இராது. எல்லாம் ஒரே சட்டைப் பையில் வந்து, ஒரே பையால் போகும். அதனால் எது உங்களுக்குச் சோறு போடுகிறது, எது உங்கள் சோற்றைத் தின்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நாற்பது கோழிக்குத் தீன் வாங்கிய காசையும் முட்டை விற்ற காசையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். உங்கள் நண்டு வளை அங்கேயும் இருக்கலாம், வேறெங்கேயும் இருக்கலாம். நான் வந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அதைப் பார்ப்பதற்கென்று ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் கொப்பியோடு குந்துங்கள். வீட்டில் உள்ளவர்கள் 'சும்மா இருக்கிறார்' என்று ஏதாவது வேலை சொல்வார்கள். அந்தக் கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இது ஆவணி. மாரி மழையோடு செய்யும் காலபோகத்துக்கான கூட்டம் நெருங்குகிறது, விதைப்புத் திகதி சொல்லிவிடுவார்கள். விதைநெல் எடுத்தாயிற்றா? எடுக்கவில்லை என்றால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு அதைப் பாருங்கள். எடுத்திருந்தால் ஒரு பிடியை ஈரச் சாக்கில் கட்டிவைத்து முளைப்பைச் சோதியுங்கள், நூறு மணியை எண்ணிக் கட்டினால் கணக்குச் சுலபம். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் எனக்கு ஒரு கோல் எடுங்கள்.